இரண்டு புள்ளடி

என் அக்காவின் இடது காதை எனக்கு மிக நன்றாகத் தெரியும். முகம் அந்த அளவுக்குத் தெரியாது. வீடியோ அழைப்பில் கைபேசியை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "ஓமோம்" என்பாள். இரண்டு கதை கதைத்ததும் பழைய டெலிபோன் மாதிரி அதைக் காதோடு வைத்துவிடுவாள். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், என் குசினி மேசையில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, நான் ஒரு காதோடும் ஒரு தோட்டோடும் நரைத்த நாலு மயிரோடும் கதைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் காதோடுதான் போன ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் ஒரு மாதமாகச் சண்டை பிடித்தேன்.

அக்காவுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. நீ, நான் என்றுதான் கதைப்போம். அவள் சுன்னாகத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். அத்தான் செத்துப்போய்விட்டார். பிள்ளைகள் இல்லை, கோழிகள் இருக்கின்றன. தம்பி கனடாவில். நான் ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்கிறேன். ஆக, எங்கள் குடும்பத்தில் இலங்கையில் வாக்குரிமை உள்ள ஒரே ஆள் அக்காதான். அந்த ஒரு வாக்குக்குத்தான் அவ்வளவு அடிபாடு.

யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் எங்களுக்கு ஒரு வளவும் அதில் ஒரு வீடும் இருக்கின்றன. அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி. எங்கள் வழக்கப்படி தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும் என்பதால், காணி உறுதிப் பத்திரத்தில் அக்காவும் நானும் சரிபாதி. தம்பிக்கு அதில் ஒரு முழமும் இல்லை, சத்தம் மட்டும் அவனுக்குத்தான் கூட. சண்டைக் காலத்தில் ஓடினோம். அதன் பிறகு அந்தப் பக்கம் முழுவதும் இராணுவத்தின் முள்ளுக்கம்பி வேலிக்குள் போனது, எங்கள் வளவு இன்றுவரை அதற்குள்ளேதான் கிடக்கிறது.

வளவில் மாமரம் நின்றதா, கிணற்றுத் தண்ணீர் இனிக்குமா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். ஊரைவிட்டு வந்த எல்லோரிடமும் ஒரு மாமரம் இருக்கிறது, எல்லோருடைய கிணறும் இனிக்கும். எனக்கு அது வேண்டாம். படலையைத் திறந்துகொண்டு, ஒருவரிடமும் கேட்காமல், அடையாள அட்டை காட்டாமல், உள்ளே போய் நிற்க வேண்டும். அந்த ஆசைதான் என்னைத் தின்கிறது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நிற்கும்போது திடீரென்று வரும். ட்ராமில் இருக்கும்போது வரும். இவ்வளவு காலமாகியும் இது குறையவில்லையே என்று எனக்கே என்னில் எரிச்சல் வரும்.

அக்கா முன்பு ஒரு தரம் ஜனாதிபதிக்கு வாக்குப் போட்டாள். காணி விடுவேன் என்று மேடையில் சொன்ன ஒருவருக்கு. அவர் வென்றார். கொஞ்சக் காலத்தில் வேலியும் நகர்ந்தது. பக்கத்து வளவு வரைக்கும் விட்டார்கள். எங்கள் எல்லையில் கொண்டுவந்து புதுக் கட்டை நட்டுக் கம்பி அடித்தார்கள். அக்கா பஸ் பிடித்துப் போய், பக்கத்து வளவில் நின்று, கம்பிக்கு மேலால் எங்கள் வீட்டின் முகட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு, இனிச் சாகும்வரை ஒருத்தனுக்கும் புள்ளடி போடமாட்டேன் என்று சொன்னவள், அதன் பிறகு எந்தத் தேர்தலுக்கும் வாசல்படி தாண்டவில்லை.

நானோ அங்கே ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. வாக்குப் போடும் வயது வந்தபோது ஓடிக்கொண்டிருந்தோம். இங்கே வந்தபின் கன காலம் அகதி. பிறகு விசா உள்ளவள். கடைசியில் குடியுரிமைக்கு அந்த்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டு, இரண்டு வருடம் காத்திருந்து, நேரில் வரச்சொல்லி ஒரு டெர்மின் வந்து, ஜேர்மன்காரி ஆனேன். அதோடு இலங்கைக் கடவுச்சீட்டு செத்தது. இங்கே முதன்முதலாக வாக்குப் போடப் போனபோது, பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் ஒரு நீளக் கடதாசி தந்தார்கள். இடது பக்கம் எங்கள் தொகுதிக்கு ஒரு ஆள், அது ஏர்ஸ்ட்ஸ்டிம்ம, முதல் வாக்கு. வலது பக்கம் ஒரு கட்சி, அது ட்ஸ்வைட்ஸ்டிம்ம, இரண்டாவது வாக்கு. பக்கத்துக்கு ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, ஆக இரண்டு. மகள் வீட்டிலேயே சொல்லித்தந்திருந்தாள். வடிவாகத்தான் போட்டேன். வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். அந்த நீளக் கடதாசியில் இருந்த ஒருவராலும் என் படலையைத் திறந்துவிட முடியாது என்பதுதான் அழுகைக்குக் காரணம்.

ஆகவே அங்கே ஜனாதிபதித் தேர்தல் என்று வந்ததும் நான் சும்மா இருப்பேனா. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் அக்காவுக்குப் போன் அடிப்பேன்.

எங்கள் கண்ணுக்குப் பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தெற்கைச் சேர்ந்தவர், வெல்லக்கூடியவர் என்று சொன்னார்கள். வந்தால் காணிகளை விடுவேன் என்றார். ஆனால் இதற்கு முன் வேறொரு கட்சியில் நின்றபோதும் இதே வாயால் இதையேதான் சொன்னவர். மற்றவர் எங்கள் ஆள், தமிழர். காணியைப் பற்றி, காணாமற்போனவர்களைப் பற்றி, எல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் அவர் வெல்லப்போவதில்லை. அது அவருக்கே தெரியும், தேர்தலில் நின்றது தமிழ் வாக்கு எவ்வளவு என்று கணக்குக் காட்டத்தான்.

தம்பி எங்கள் ஆளின் பக்கம். கனடாவில் இருந்து குரல் பதிவு அனுப்புவான், ஒவ்வொன்றும் ஒரு பிரசங்கம். எங்கட ஆளுக்குப் போடாவிட்டால் வரலாறு மன்னிக்காது என்று ஒன்றில் சொல்லியிருந்தான்.

"வரலாறு வந்து என்ரை கோழிக்கூடு கூட்டுமோ?" என்று கேட்டாள் அக்கா. "உவன் பனிக்குள்ளை இருந்துகொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறான்."

நான் தெற்கத்தியாரின் பக்கம். எனக்குக் கொள்கை கிள்கை ஒன்றுமில்லை. வெல்லக்கூடியவனிடம்தானே திறப்பு, அந்தப் படலையின் சாவி, இருக்கும். அதைச் சொன்னால் அக்கா சிரிப்பாள்.

"போனமுறை திறப்பு வச்சிருந்தவன் என்ன செய்தவன்? பக்கத்து வளவைத் திறந்துபோட்டு எங்கட வளவைப் பூட்டினவன்."

"அப்ப எங்கட ஆளுக்காவது போடன்."

"அவர் பாவம், நல்ல மனிசன். வெல்லாத ஆளுக்குப் போடுறதுக்கு நான் ஏன் வெயிலுக்கை வரிசையிலை நிக்க? எனக்குப் போக விருப்பமில்லையடி. விடு."

என்னைக் கட்டின மனிசன் சோஃபாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். "ஒரு வாக்குக்கு மூண்டு நாடு அடிபடுது" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். அவருக்குப் பகிடி. அவருடைய ஊர்க் காணி எப்போதோ விற்றுத் தீர்ந்தது, அவருக்கென்ன.

தேர்தலுக்குக் கிட்ட ஒருநாள் எனக்குப் பொறுமை கெட்டுவிட்டது. இல்லத்தில் அன்றைக்கு இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அறுபது பேருக்கான சாப்பாட்டை நானும் ஒரு போலந்துக்காரியும் தனியாக இழுத்து முடித்துவிட்டு வந்த எரிச்சல். அக்கா வழக்கம்போலப் போகமாட்டேன் என்றாள்.

"உனக்கு ஒரு வாக்காவது இருக்கு" என்று கத்திவிட்டேன். "எனக்கு அங்கை என்ன இருக்கு, சொல்லு. பாஸ்போட் இல்லை. வாக்கு இல்லை. நான் வந்தா ஹோட்டல்லை நிக்கிற வெள்ளைக்காரி மாதிரி விசா எடுத்துக்கொண்டு வரோணும். பாதிக் காணி என்ரை பேரிலை இருக்கு, அதைத் தா எண்டு கேக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. நீ கேக்கலாம். நீ கேக்காமல் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு இருக்கிறாய்."

அவளுக்குப் பின்னால் சேவல் ஒன்று கூவியது.

"உனக்கு அவ்வளவு ஆசையோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். "நான் கிட்ட இருக்கிறன். அதாலை எனக்கு ஆசையில்லை எண்டு நினைச்சியோ? ஆறேழு மைலிலை இருந்துகொண்டு போகேலாமல் இருக்கிறது உன்ரை ஆசையிலும் பொல்லாதது." பிறகு, "போறன். ஆனால் ஆருக்கு எண்டு எனக்கு விளங்கேல்லை. ரெண்டு பேரும் அரைகுறை" என்றாள்.

அடுத்த நாளே எனக்கு வழி கிடைத்தது. பேருந்தில் யூடியூப்பில் ஊர்ச் செய்தி கேட்டுக்கொண்டு வந்தேன். வாசிக்கிற பிள்ளை, இந்தமுறை வாக்காளர்கள் இரண்டாவது விருப்பு வாக்கையும் பயன்படுத்தலாம் என்றாள். இரண்டாவது வாக்கு. எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. அட, எங்கள் ட்ஸ்வைட்ஸ்டிம்மதானே. இவ்வளவு காலமும் ஜேர்மனியில் குப்பை கொட்டியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். செய்தியின் மிச்சத்தைக் கேட்கவும் இல்லை. இறங்குமிடம் வந்துவிட்டது.

"அக்கா, கேள். ரெண்டு புள்ளடி போடலாம். எங்கட ஆளுக்கு ஒண்டு, தெற்கத்தியாருக்கு ஒண்டு."

"ரெண்டோ? முந்தி நான் ஒண்டுதானே போட்டனான்."

"முந்தி உனக்கு ஆர் சொல்லித் தந்தது? நான் இஞ்சை போடுறனான்தானே. முதல் வாக்கு, ரெண்டாவது வாக்கு. செய்தியிலும் சொல்லுகினம்."

அவள் யோசித்தாள். பிறகு அந்தக் காது மெதுவாக ஆடியது, தலையாட்டுகிறாள். "அது நல்லது. ஒருத்தனையும் முழுசா நம்பத் தேவையில்லை" என்றாள். கன காலத்துக்குப் பிறகு அவளுடைய குரலில் ஒரு தெம்பைக் கேட்டேன். என்ன சாறி கட்டுவது என்றுகூடக் கேட்டாள். வாக்குப்போட என்ன சாறி, கல்யாண வீட்டுக்கா போகிறாய் என்று பகிடி பண்ணினேன். ஆனாலும் அந்த ஊதாச் சாறியைக் கட்டச் சொன்னேன், நான் போன முறை அனுப்பியது.

தேர்தல் சனிக்கிழமை. இங்கே காலைத் தேத்தண்ணீர் நேரம், அங்கே மத்தியானம். அக்காவே எடுத்தாள். இந்தமுறை கைபேசியைக் காதுக்குக் கொண்டுபோகாமல் முகத்துக்கு நேரேயே பிடித்திருந்தாள். ஊதாச் சாறி. நெற்றியில் வியர்வை. கண்ணுக்குக் கீழே இவ்வளவு சுருக்கம் எப்போது வந்தது என்று எனக்குத் திக்கென்றது. இடது கையின் சின்னிவிரலைக் காட்டினாள், நகத்தில் மை.

"ரெண்டும் போட்டனியோ?"

"ரெண்டும் போட்டனான். நீ சொன்னபடி."

அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. உளுந்து ஊறப்போட்டேன், வடை சுட்டேன். தம்பிக்குக் குரல் பதிவு போட்டேன்: உன்ரை ஆளுக்கும் விழுந்திருக்கு, என்ரை ஆளுக்கும் விழுந்திருக்கு, இனி வாயைப் பொத்து.

பின்னேரம், பொன் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் வீட்டுக்கு வந்தாள். வடையை முன்னால் வைத்து, என் கெட்டித்தனத்தை முதலில் இருந்து சொன்னேன். அவள் வடையைப் பிட்டபடியே நிறுத்தினாள். கைபேசியை எடுத்துத் தேடினாள்.

"அம்மா, அது இஞ்சத்தை மாதிரி இல்லை" என்றாள். "அங்கை ரெண்டு பேரைத் தெரிவுசெய்யிறதெண்டா பேருக்கு நேரை ஒண்டு, ரெண்டு எண்டு இலக்கம் போடோணும். புள்ளடி எண்டா ஒரே ஒண்டுதான். ரெண்டு புள்ளடி போட்டா உன்கில்ட்டிக்."

அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் டிக்கட்டில் இருந்து விசா வரைக்கும் கேட்ட சொல். செல்லாது.

"நீ முந்தியே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் என்னை எங்கை கேட்டனீங்கள்?"

உண்மைதான், கேட்கவில்லை. நான் குசினிக்குள் போய், எரியாத அடுப்புக்கு முன்னால் நின்றேன். வாசல்படி தாண்டமாட்டேன் என்று இருந்தவளைத் திட்டி, கத்தி, சாறி கட்டவைத்து, வெயிலில் நிற்கவைத்து, அவளுடைய ஒரே வாக்கைக் கொண்டுபோய்க் குப்பையில் போடவைத்திருக்கிறேன். பாதிக்காணிக்காரி. இங்கத்தைப் படிப்பை அங்கே கொண்டுபோய்க் காட்டிய மேதாவி.

ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. எங்கள் கண்ணுக்குப் பட்ட இரண்டு பேரும் வெல்லவில்லை, வேறொருவர் வந்தார். ஒரு வாக்கால் ஒன்றும் மாறியிருக்காது என்று என் மனிசன் கணக்குச் சொன்னார். கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தொகுதியாக வாசிக்கும்போது கடைசியில் "நிராகரிக்கப்பட்ட வாக்குகள்" என்று ஒரு தொகை வாசிப்பார்கள் அல்லவா. யாழ்ப்பாண மாவட்டத்தில் நான் அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள்தான் அக்கா இருந்தாள்.

"சொல்லாதை. அவவுக்குத் தெரியவே வராது" என்றார் மனிசன்.

"சொல்லோணும் அம்மா" என்றாள் மகள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தேன். சப்பாத்தைக் கழற்றினேன், கை கழுவினேன், தேத்தண்ணீர் போட்டேன், குடிக்கவில்லை. சீனிப் போத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு எடுத்தேன். காது வந்தது. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கத்தை இரண்டாவது வாக்கும் அங்கத்தை இரண்டாவது வாக்கும் வேறு. நான் பிழையாகச் சொல்லித் தந்துவிட்டேன். உன்ரை வாக்கு செல்லாமல் போய்விட்டது. என்னாலைதான்.

மறுபக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வரிசையிலை எனக்கு முன்னாலை ஒரு பள்ளிக்கூட ரீச்சர் நிண்டவ. அவ வடிவாச் சொல்லித் தந்தவ. இலக்கம் எண்டா ஒண்டு, ரெண்டு. புள்ளடி எண்டா ஒண்டு. ரெண்டு புள்ளடி போட்டா எறிஞ்சுபோடுவினம் எண்டு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பின்னை ஏன்டி போட்டனீ? இலக்கம் போட்டிருக்கலாமே."

"போடத்தான் பென்சிலை எடுத்தனான். பிறகு யோசிச்சன். இலக்கம் போட்டா ரெண்டும் என்ரை வாக்குத்தான், உன்ரை ஒண்டும் இல்லை." கோழிகளை எதற்கோ சூ என்று விரட்டினாள். "உறுதியிலை ரெண்டு பேரின்ரை பேர் இருக்கு. நான் மட்டும் போட்டுட்டு வந்தா, பாதிக் காணியைத்தானே கேட்டமாதிரி. உனக்கு எவ்வளவு ஆசை எண்டு நீ அண்டைக்குக் கத்தினது என்ரை காதுக்கை நிண்டது. அதாலை எனக்கு ஒண்டு, உனக்கு ஒண்டு."

"செல்லாதேயக்கா."

"செல்லுறதைப் போட்டு என்னத்தைக் கண்டனாங்கள்? எண்ணினவன் விரிச்சுப் பாத்திருப்பான்தானே. ரெண்டு பேர் வந்திருக்கினம் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். மறுபக்கம் அக்கா, தேத்தண்ணி ஆறுது, குடி என்றாள். நான் இன்னும் குடிக்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. நிமிர்ந்து பார்த்தேன். கைபேசியைக் காதில் இருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. சின்னிவிரலில் மை இன்னும் போகவில்லை.

வேலி இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கோ ஒரு பெட்டிக்குள், செல்லாது என்று ஒதுக்கிய வாக்குச்சீட்டுகளோடு, என்னுடைய புள்ளடி ஒன்று அக்காவுடையதற்குப் பக்கத்தில் கிடந்தது. ஊரைவிட்டு வந்தபிறகு ஒருவரிடமும் கேட்காமல் நான் உள்ளே போன இடம் அது ஒன்றுதான்.